மகனுக்கு 18 முடிந்ததும் பணம் நின்றுவிட்டது: கல்லூரிச் செலவுக்கு அப்பாவைக் கேட்க வழி உண்டா?

குடந்தைவாசி (கும்பகோணம்):

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் 2014-இல் மனமொத்துப் பிரிந்தோம். பிள்ளைகள் இருவரும் என்னிடம் வளர்கிறார்கள். "மேஜர் ஆகும் வரை ஒரு பிள்ளைக்கு மாதம் 6,000 ரூபாய்" என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. 2020, 2021 ஆண்டுகளில் ஏழு மாதங்கள் வரவில்லை. மற்றபடி ஐந்தாம் தேதி ஆனால் பணம் வந்துவிடும். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பதினோரு ஆண்டுகளாக அந்த ஆறாயிரம் ஆறாயிரமாகவே இருக்கிறது.

மகனுக்கு இந்த மே மாதம் 18 முடிந்தது. ஜூன் மாதம் 12,000-க்குப் பதில் 6,000 வந்தது. கூடவே, "அவனுக்கு வயது வந்துவிட்டது, தீர்ப்பை எடுத்துப் பார்" என்று ஒரு குறுஞ்செய்தி. எடுத்துப் பார்த்தேன். எழுத்துப்படி அவர் சொல்வது சரிதான்.

கவுன்சிலிங்கில் மகனுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இயந்திரவியல் கிடைத்திருக்கிறது. கட்டணம், விடுதி, மெஸ் எல்லாம் சேர்த்து முதல் ஆண்டுக்கு 1,70,000 ரூபாய் ஆகும். நான் தனியார் பள்ளி ஆசிரியை. கைக்கு 19,000 வருகிறது. பள்ளிக்கூடம் போனபோது பென்சிலுக்கும் சீருடைக்கும் பணம் கொடுத்த சட்டம், செலவு மலைபோல் வந்து நிற்கும்போது விலகிக்கொள்ளுமா? மகளுக்கு இப்போது 15 வயது. மூன்று வருடம் கழித்து அவளுக்கும் இதே குறுஞ்செய்திதானா?

வைகைக்கரையாள் (மதுரை):

குடும்பநல நீதிமன்றத்தில் பதினாறு ஆண்டுகளாக வழக்காடுகிறேன், அம்மா. வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். மகள், மகன் இருவருக்கும் சட்டம் ஒன்றாக இல்லை. அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், பிரிவு 20(3): திருமணம் ஆகாத மகள் தன் சம்பாத்தியத்திலோ சொத்திலோ வாழ முடியாத நிலையில் இருந்தால், 18 தாண்டினாலும் பராமரிப்புக் கேட்கலாம். பராமரிப்பு என்ற சொல்லுக்குள் கல்வியும் அடங்கும் என்று அதே சட்டத்தின் பிரிவு 3 சொல்கிறது. 2020 செப்டம்பரில் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் (2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு) மேஜரான மகள் கேட்க முடியாது; உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் மட்டுமே முடியும். 1956 சட்டத்தின்கீழ்தான் கேட்க வேண்டும். ஆகவே அவள் மனுவை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போடாமல் குடும்பநல நீதிமன்றத்தில் போடுங்கள்.

சிக்கல் மகனுக்குத்தான். மேலே சொன்ன இரண்டு சட்டங்களிலும் ஆண்பிள்ளைக்கு 18-இல் கதவு சாத்தப்படுகிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு பிள்ளைகளின் கல்வியைப் பெயர் சொல்லியே பேசுகிறது. ஆனால் அங்கும் "மைனர் குழந்தைகள்" என்றுதான் இருக்கிறது.

நீதிமன்றங்கள் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்திருக்கின்றன. 2021 மார்ச்சில், கர்நாடக அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில், முதல் பட்டப்படிப்பு முடியும் வரை மகனைப் பராமரிக்க வேண்டும் என்று நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு உத்தரவிட்டது. கல்லூரி முடித்தால்தான் அடிப்படைப் பட்டமே கையில் வருகிறது, இந்தக் காலத்தில் 18 வயது போதாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே ஆண்டு ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம், மேஜரான மகனின் செலவு முழுவதும் தாயின் தலையில் விழுவதைக் கணக்கில் எடுத்து, மகன் பட்டம் முடிக்கும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் இடைக்காலப் பராமரிப்பு வழங்கியது.

இந்த இரண்டாவது தீர்ப்பின் போக்கைக் கவனியுங்கள். பணம் மகனுக்கு என்று கொடுக்கப்படவில்லை, தாய்க்குக் கொடுக்கப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக்காட்டி வாதாடலாம், நான் வாதாடியிருக்கிறேன். சில நீதிபதிகள் ஏற்றார்கள், சிலர் 1956 சட்டத்தின் வாசகத்தைக் காட்டி மறுத்தார்கள். நிச்சயம் கிடைக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் அது ஏமாற்று வேலை.

வராத ஏழு மாதப் பணத்தை விடாதீர்கள். மாஜிஸ்திரேட் உத்தரவாக இருந்திருந்தால், தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வாரண்டு கேட்டு மனுப் போட்டிருக்க வேண்டும். உங்களுடையது குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பாணை. தீர்ப்பின்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவுக்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இருவர் பங்கும் சேர்த்து 84,000 ரூபாய். உங்கள் மகனின் விடுதிக் கட்டணத்துக்கு ஆகும்.

கொங்குநாடன் (திருப்பூர்):

இந்தப் பக்கத்துக் குரலும் ஒன்று பதிவாகட்டும் என்று எழுதுகிறேன். நானும் விவாகரத்து ஆன தகப்பன்தான். 2016-இல் மொத்தமாக 12 லட்சம் கொடுத்துப் பிரிந்தேன், மகள் படிப்புக்கும் சேர்த்து என்ற பேச்சில். பனியன் கம்பெனியில் பங்குதாரராக இருந்த காலம் அது. பங்கை விற்றுத்தான் கொடுத்தேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு எடுத்தாள் என்பதை என் அக்கா வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டு, ஆண்டுக்கு மூன்று லட்சத்தில் பாதியைக் கொடு என்று வக்கீல் நோட்டீஸ் வருகிறது. எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பணம் கேட்கும்போது மட்டும் அப்பா, முடிவெடுக்கும்போது அந்நியனா?

கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. என் பிள்ளை அவள். இப்படிக் கேட்பதுதான் வலிக்கிறது.

குடந்தைவாசி:

உங்கள் வலி புரிகிறது, அண்ணா. ஒன்று மட்டும் கேட்கிறேன். மதிப்பெண் வந்த அன்று நீங்கள் மகளுக்கு ஒரு போன் செய்தீர்களா? என் மகன் அன்று இரவு பதினொரு மணி வரை கைப்பேசியைக் கையை விட்டு இறக்கவில்லை.

வைகைக்கரையாள்:

கொங்குநாடன் சொல்வதை நீதிமன்றமும் கேட்கும். ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற 2020 நவம்பர் தீர்ப்பில், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்துவிட்டது. பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்க வேண்டும், தாய் போதுமான அளவு சம்பாதித்தால் வருமானத்துக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதும் அதில் இருக்கிறது. பங்கை விற்றது, இப்போதைய வருமானம் எல்லாவற்றையும் மறைக்காமல் காட்டுங்கள், ஐயா. தகுதிக்கு மீறிய கல்லூரி என்றால் அதையும் வாதமாக வைக்கலாம்.

ஆனால் அந்த 12 லட்சத்தில் எவ்வளவு மனைவிக்கு, எவ்வளவு மகளுக்கு என்று பிரித்து எழுதினீர்களா? எழுதவில்லை என்றால் உங்கள் வாதம் பலவீனம். தாய் தன் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை எழுதிக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

2025 ஜனவரியில் நீதிபதிகள் சூர்யகாந்த், உஜ்ஜல் புயான் அமர்வின்முன் ஒரு வழக்கு வந்தது. அயர்லாந்தில் படித்த மகள், தகப்பன் படிப்புக்குக் கொடுத்த 43 லட்சத்தை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. தன்மானம் தடுத்தது. பெற்றோர் இருபத்தாறு ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்தவர்கள். அந்தப் பணம் அவளுக்குச் சட்டப்படி உரியது, கல்விச் செலவைப் பெற்றோரிடமிருந்து பெறுவது மகளின் பறிக்க முடியாத உரிமை, பெற்றோர் தங்கள் வசதிக்கு உட்பட்டுத் தர வேண்டியவர்கள் என்று தீர்ப்பு வந்தது. "வசதிக்கு உட்பட்டு" என்பது உங்களுக்கும் காவல்தான்.

நெய்தல் (தூத்துக்குடி):

சட்டம் தெரியாது. மகனாக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2011-இல் எனக்கு 18. அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கிடைத்தது. கட்டணம் பெரிதில்லை, ஆனால் அம்மாவிடம் அதுவும் இல்லை. "நீ போய்க் கேள், உன்னைப் பார்த்தால் இரங்குவார்" என்றாள் அம்மா. திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். அப்பாவின் புது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவரும் அவருடைய மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்து, "சாப்பிட்டுவிட்டுப் போ" என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அவரிடம் அன்று அவ்வளவுதான் இருந்ததோ என்னவோ. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். ஒரு வருடம் கைப்பேசிக் கடையில் நின்றேன், பிறகு அஞ்சல் வழியில் பட்டம் முடித்தேன்.

இன்று எனக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. அந்தத் திண்ணை மட்டும் மறக்கவில்லை. குடந்தைவாசி அக்கா, வழக்குப் போடுங்கள், நோட்டீஸ் அனுப்புங்கள், எது வேண்டுமானாலும் செய்யுங்கள். பையனைக் கேட்க அனுப்பாதீர்கள்.

வைகைக்கரையாள்:

தம்பி, டெல்லித் தீர்ப்பின் போக்கைக் கவனிக்கச் சொன்னதற்குக் காரணம் நீங்கள் எழுதியதுதான். தாய் தன் பெயரில் பராமரிப்பை உயர்த்திக் கேட்டால், மகன் தகப்பனுக்கு எதிரே மனுதாரனாக நிற்க வேண்டியதில்லை. நான் எப்போதும் முதலில் அந்த வழியில்தான் போய்ப் பார்ப்பேன்.

நல்லூர்த் தேரடி (யாழ்ப்பாணம்):

குடந்தைவாசி அக்காவுக்கு வணக்கம். இந்தியாவில் இது இவ்வளவு குழப்பமாக இருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. எங்கள் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் 37-ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் (நீங்கள் பராமரிப்பு என்பதைத்தான் நாங்கள் தாபரிப்பு என்கிறோம்) இதை நேரடியாகவே எழுதிவைத்திருக்கிறது. 18 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையைத் தனி வகையாக வைத்து, தன்னைத் தானே பராமரிக்க இயலாத நிலையில் இருந்தால் வசதியுள்ள பெற்றோர் தாபரிப்புச் செலுத்த வேண்டும் என்கிறது. ஆண், பெண் வேறுபாடு இல்லை. தாயும் பொறுப்பு, தகப்பனும் பொறுப்பு. நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்பு இருந்தது 1889-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்.

எங்களிடம் அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் உயர்தரம் முடித்த என் அண்ணன் மகள் பேராதனைக்குப் போனபோது தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் என்று மாதாமாதம் செலவு இருந்தது. அவளுடைய தாய் தாபரிப்பு வழக்குத் தொடுத்தார். என் அண்ணனுக்கு எதிராகத்தான். குடும்பத்தில் எல்லோரும் அண்ணன் பக்கம் நின்றார்கள். நான் மச்சாள் பக்கம் நின்றேன். இன்றும் அண்ணன் என்னோடு கதைப்பதில்லை. அந்தப் பிள்ளை இப்போது இறுதி வருடம்.

ஈசூன்வாசி (சிங்கப்பூர்):

சிங்கப்பூரில் மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டத்தின்படி எல்லை 21 வயது. அதன் பிறகும் பிள்ளை படித்துக்கொண்டிருந்தாலோ தேசிய சேவையில் இருந்தாலோ நீதிமன்றம் பராமரிப்பு உத்தரவு போடலாம். பையன்கள் இரண்டு ஆண்டு தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் போகும்போதே 21 ஆகிவிடுகிறது. வாழ்க்கை எப்படி நடக்கிறதோ அதைப் பார்த்து வயதை வைத்திருக்கிறார்கள்.

அதிராம்பட்டினத்தாள்:

முஸ்லிம் பெண்களுக்கு ஒரு தகவல். மணமுறிவுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு இரண்டு வயது வரைதான் கிடைக்கும் என்று ஊரில் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 1997-இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது: 125-ஆம் பிரிவின் உரிமை முஸ்லிம் பிள்ளைகளுக்கும் உண்டு, 18 வயது அல்லது சம்பாதிக்கும் நிலை, இரண்டில் எது முந்தியோ அதுவரை, பெண் பிள்ளைக்குத் திருமணம் வரை. என் தங்கை இதைச் சொல்லித்தான் மகளை பி.காம். படிக்கவைத்தாள்.

கொங்குநாடன்:

வக்கீல் அம்மாவிடம் ஒரு கேள்வி. 1956 சட்டத்தில் மகளுக்குத் திருமணச் செலவும் பராமரிப்பில் சேரும் என்று என் வக்கீல் சொன்னார். உண்மையா?

வைகைக்கரையாள்:

உண்மை. பிரிவு 3-இல் இருக்கிறது, திருமணம் ஆகாத மகளின் கல்யாணத்துக்கான நியாயமான செலவு. நினைத்துப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. 1956-இல் சட்டம் எழுதியவர்களுக்கு மகளின் கல்யாணப் பந்தல் கண்ணுக்குத் தெரிந்தது, மகனின் கல்லூரி தெரியவில்லை. பையன் 18 வயதில் வயலுக்கோ ஆலைக்கோ வேலைக்குப் போய்விடுவான் என்று எண்ணியிருக்கலாம். எழுபது ஆண்டு ஆகப்போகிறது. நீதிபதிகள் ஒவ்வொரு வழக்கிலும் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வரித் திருத்தத்தில் தீர வேண்டிய விஷயம்.

ஓய்வுபெற்ற மேலாளர் (நாமக்கல்):

முப்பது ஆண்டு வங்கிப் பணியில் கல்விக்கடன் நிறையக் கொடுத்திருக்கிறேன். வழக்கு முடிய நாளாகும், கல்லூரி காத்திருக்காது. அதனால் கடனுக்கு இன்றே விண்ணப்பியுங்கள், அம்மா. வித்யாலட்சுமி இணையதளம் வழியாகப் போடலாம். 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் தரும் திட்டம் இருக்கிறது. படிப்புக் காலமும் அதன் பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். வட்டியை மட்டும் இடையிலேயே கட்டிவந்தால் சுமை குறையும்.

கிளையில், "அப்பா கையெழுத்து வேண்டும்" என்று சொன்னால் தயங்காதீர்கள். தாய் இணைக் கடனாளியாக இருக்கலாம். விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையோடு கொண்டுபோங்கள். வாய்வார்த்தையாக மறுத்தால், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். பலமுறை அங்கேயே மனம் மாறிவிடும்.

குடந்தைவாசி:

ஐயா, நீங்கள் சொன்னதேதான் நடந்தது. ஒரு கிளையில் அப்பா இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். நாளை தீர்ப்பு நகலோடு மறுபடி போகிறேன்.

வக்கீல் அம்மா, எனக்கு வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க வசதி இல்லை. என்ன செய்வது?

வைகைக்கரையாள்:

நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். உங்கள் மகனுக்கு 18 ஆகிவிட்டதால் அவன் பெயரில் போனால் வருமானச் சான்று கேட்பார்கள். உங்கள் பெயரில் மனுப் போடுவதற்கு இது இன்னொரு காரணம்.

எடுத்துப்போக வேண்டியவை: தீர்ப்பு நகல், ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியின் கட்டண விவரம் கல்லூரித் தாளிலேயே, விடுதி ரசீது, உங்கள் சம்பளச் சீட்டு, ஏழு மாதம் பணம் வராததைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம். மகளுக்கும் சேர்த்தே தொகையை உயர்த்திக் கேளுங்கள். அவள் மைனர், 26-ஆம் பிரிவின்கீழ் உத்தரவை மாற்ற நீதிமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. 2014-இன் ஆறாயிரத்தை இன்றைக்கும் போதும் என்று எந்த நீதிபதியும் எளிதில் சொல்லமாட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் மனமொத்த விவாகரத்துக்கு இப்போது நிற்பவர்கள் இருந்தால் உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். "மேஜர் ஆகும் வரை" என்ற மூன்று சொல்லில் கையெழுத்துப் போடாதீர்கள். "முதல் பட்டம் முடியும் வரை" என்று எழுதுங்கள். கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம் இவற்றில் யாருக்கு எத்தனை விழுக்காடு, எந்தத் தேதிக்குள், ஆண்டுக்கு எவ்வளவு உயர்வு என்று எழுதுங்கள். சேர்க்கைக்கு முன் இருவரும் கலந்து பேச வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். கொங்குநாடன் போன்றவர்களுக்கு அது நியாயம். குழந்தைக்கு இரண்டு வயதில் கல்லூரியைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றும். எழுதச் சொன்னால் கட்சிக்காரர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். எழுதாதவர்கள் பதினாறு வருடம் கழித்து என்னைத் தேடி வருகிறார்கள்.

கொங்குநாடன்:

நான் பணத்தைக் கல்லூரிக் கணக்கில் நேராகக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லலாமா? ரசீது என் பெயருக்கு வரும், வேறு செலவுக்குப் போயிற்றோ என்ற ஐயமும் இருக்காது.

வைகைக்கரையாள்:

தாராளமாகச் சொல்லலாம். மத்தியஸ்த மையத்தில் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டில்தான் முடிகிறது. விடுதிக்கும் கல்லூரிக்கும் நேராகக் கட்டுங்கள், கைச்செலவை மட்டும் மகள் கணக்கில் போடுங்கள்.

நெய்தல்:

போடும்போது ஒரு வரி எழுதியும் அனுப்புங்கள், அண்ணா.

குடந்தைவாசி (ஏழு வாரம் கழித்து):

உதவிய எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வந்தேன்.

கடன் கிடைத்தது, இரண்டாவது கிளையில். முதல் தவணைக்குக் கடன் வருவதற்குள் நாள் கடந்துவிடும் போலிருந்ததால் வளையல்களை அடகு வைத்தேன். மகன் விடுதியில் சேர்ந்துவிட்டான். ஆணைக்குழுவில் கொடுத்த வழக்கறிஞர் சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டார். என் பெயரில் உயர்த்திக் கேட்கும் மனுவும், நிலுவைக்கு நிறைவேற்று மனுவும் போட்டிருக்கிறோம். நிலுவையை இரண்டு தவணையில் தருவதாகப் பிள்ளைகளின் அப்பா ஒப்புக்கொண்டார்.

மகன் விஷயத்தில் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "சட்டத்தில் இல்லை" என்பதையே அவர் வழக்கறிஞர் திரும்பத் திரும்பச் சொன்னார். நீதிபதி மத்தியஸ்தத்துக்கு அனுப்பினார். அங்கே அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர், "எந்தக் கல்லூரி என்றுகூட எனக்குத் தெரியாது" என்றார். கொங்குநாடன் அண்ணா, எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. ஒதுக்கீட்டு ஆணையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். மதிப்பெண் பட்டியலின் நகல் வேண்டும் என்றார்.

அன்று இரவே மகனிடம் சொன்னேன். அனுப்புகிறாயா, நான் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "நீயே அனுப்பு அம்மா" என்றான். அனுப்பினேன்.

அடுத்த அமர்வு பதினெட்டாம் தேதி.